கிளைக்கதைகளைத் தாண்டிப் போகாதீர்கள்

(குன்னூரில் மாணவர்களும் வாசகர்களும் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ஜப்பானிய அனிமே, அதாவது அசைவூட்டப் படத் தொடரைப் பற்றி. 'டிடெக்டிவ் கோனன்' என்று பெயர். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்காக அதன் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

குடோ ஷினிச்சி பதினேழு வயதுப் பையன், கெட்டிக்காரத் துப்பறிவாளன். கறுப்பு உடை அணிந்த ஒரு கும்பலின் ரகசியத்தைப் பார்த்துவிடுகிறான். அவர்கள் அவன் வாயில் ஒரு நச்சு மாத்திரையைத் திணிக்கிறார்கள். உயிர் போகவில்லை, உடல் மட்டும் முதல் வகுப்புச் சிறுவனுடையதாகச் சுருங்கிவிடுகிறது. தான் உயிரோடிருப்பது கும்பலுக்குத் தெரியக்கூடாது என்பதால், எடோகாவா கோனன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தோழி ரானின் வீட்டிலேயே தங்குகிறான். அவளுடைய அப்பா மோரி கோகோரோ ஒரு சாதாரணத் தனியார் துப்பறிவாளர். சின்னப் பையன் சொல்வதை யார் கேட்பார்கள்? எனவே கைக்கடிகாரத்திலிருந்து மயக்க ஊசி செலுத்தி அவரைத் தூங்க வைத்து, அவர் குரலில் பேசி, வழக்குகளைத் தீர்க்கிறான். அவனுடைய புதுப் பெயரில் எடோகாவா என்பது ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடி எடோகாவா ரம்போவிடமிருந்தும், கோனன் என்பது ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலிடமிருந்தும் வந்தவை.

அவோயாமா கோஷோ இதை 1994இல் ஒரு வார இதழில் மாங்காவாக, அதாவது படக்கதையாக, எழுதி வரையத் தொடங்கினார். 1996 ஜனவரி 8ஆம் தேதி தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தது. 2021இல் மாங்காவின் 100ஆவது தொகுதி வெளிவந்தது. தொலைக்காட்சியின் 1,000ஆவது அத்தியாயமும் அதே ஆண்டில்தான் ஒளிபரப்பானது. இரண்டும் இன்னும் முடியவில்லை.

இந்த ஆயிரத்துச் சொச்ச அத்தியாயங்களில் ஏறக்குறைய பாதி, மாங்காவில் இல்லாதவை. தொலைக்காட்சிக்கென்றே தனியாக எழுதப்பட்டவை. கறுப்பு உடைக் கும்பலைப் பற்றி அவற்றில் புதிதாக எதுவும் வெளிப்படாது. ஷினிச்சி பழைய உடலைத் திரும்பப் பெறுவதற்கு ஓர் அங்குலம்கூட நெருங்கமாட்டான். இவற்றைத்தான் நம் பிள்ளைகள் 'ஃபில்லர்' என்கிறார்கள். எதைப் பார்க்கலாம், எதைத் தாண்டலாம் என்று பட்டியலை வைத்துக்கொண்டு, ஃபில்லர் என்று போட்டிருந்தால் திறக்காமலேயே அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பட்டியலை மூடிவிட்டு, இவற்றில் நல்லவற்றைத் தேடிப் பாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். மையக்கதை நம்மை உட்காரவைக்கிறது. மனிதர்களை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் கிளைக்கதைதான்.

முதலில், இவை ஏன் உண்டாகின்றன? வாரப் பத்திரிகையில் மாங்காவின் ஒரு அத்தியாயம் இருபது பக்கத்துக்குள் முடிந்துவிடும். தொலைக்காட்சியின் அரை மணி நேரத்தை நிரப்ப அப்படி இரண்டு மூன்று அத்தியாயங்கள் வேண்டும். ஒருவர் தனியாக உட்கார்ந்து வரையும் வேகத்தைவிடப் அனிமேஷன் நிலையம் அதைத் தீர்க்கும் வேகம் அதிகம். நடுவில் ஆசிரியருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். 2017 கடைசியில் அவோயாமா ஓய்வெடுத்து, அடுத்த ஏப்ரலில்தான் திரும்பினார். தொலைக்காட்சியோ வாரம் தவறாமல் ஓடியாக வேண்டும்.

நம் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வந்த பாதை. நீராவி எஞ்சின் மூச்சு வாங்க ஏறும்போது ஹில்குரோவில் நிற்கும், ரன்னிமேட்டில் நிற்கும். எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காகத்தான் அந்த நிறுத்தம். ஆனால் பயணிகள் இறங்குகிறார்கள், டீ குடிக்கிறார்கள், குரங்கிடம் பிஸ்கட்டைப் பறிகொடுக்கிறார்கள், எஞ்சினின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்குவதைக் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஊருக்குப் போனபிறகு அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவசரக்காரர்களுக்குப் பஸ் இருக்கிறது. ரயிலில் ஏறியவர் அந்த நிறுத்தத்தையும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்.

எல்லா அனிமேயிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். 'நருட்டோ' பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 220 அத்தியாயங்கள் கொண்ட அதன் முதல் தொடரில், கடைசி 80க்கும் மேற்பட்டவை மூலக்கதையில் இல்லாதவை. அதைப் பார்த்துச் சலித்தவர்களின் கோபம் நியாயமானது. அது ஒரு வீரன் வளரும் கதை. வளர்ச்சியை நிறுத்திவைத்தால் கதையும் நின்றுபோகும். துப்பறியும் கதையின் கட்டுமானம் வேறு. ஒரு குற்றம், சில சந்தேகப் புள்ளிகள், சில தடயங்கள், ஒரு விடை. தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை அது தன்னளவில் முழுமை. அடுத்த வாரம் எதைத் திருப்பிப்போட்டாலும் இந்த வாரத்துக் கதைக்குச் சேதமில்லை.

ஷெர்லக் ஹோம்ஸைப் பாருங்கள். டாயில் எழுதியவை 56 சிறுகதைகள், 4 நாவல்கள். பரம எதிரி என்று உலகமே சொல்லும் மோரியார்ட்டி அவற்றில் நேரடியாக வேலை செய்யும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1892இல் வெளிவந்த நீலக்கல் கதையில் ஒரு பழைய தொப்பியும் கிறிஸ்துமஸ் வாத்தும்தான் தடயங்கள். எந்தச் சதிக் கும்பலும் அதில் இல்லை. இன்றைய பட்டியல் போடுகிறவர்களிடம் கொடுத்தால் அதையும் தாண்டச் சொல்வார்கள். ஹோம்ஸ் நிற்பதே அப்படிப்பட்ட கதைகளின் தோள்மேல்தான்.

நம்மிடமும் இதே நிலைதான். தேவனின் துப்பறியும் சாம்பு 1940களில் ஆனந்த விகடனில் வந்தவர். வங்கி குமாஸ்தாவாக இருந்த அப்பாவி. அவர் தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவருடைய மூளையை வியந்துகொண்டே இருப்பார். மனைவி வேம்பு வீட்டில் காத்திருப்பாள். சாம்புவைத் துரத்தும் பெரிய கும்பல் கிடையாது, பத்து வருஷத்து மர்மமும் கிடையாது. ஒவ்வொரு கதையும் தனிக்கதை. தேவன் 1957இல் காலமானார். சாம்புவை இன்றும் புத்தகமாக வாங்குகிறோம். தமிழ்வாணனின் சங்கர்லாலும் அப்படியே. அவர் மேஜைமேல் காலைப் போட்டுத் தேநீர் குடித்தபடி யோசிப்பதைப் படித்துவிட்டு, அதேபோல உட்கார்ந்து பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து எழுதும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் மாதா மாதம் புதுசாக ஒரு வழக்கோடு வந்தார்கள். பஸ் ஏறும்போது வாங்கிய நாவல் இறங்குவதற்குள் முடிந்துவிடும். முந்தின நாவலைப் படிக்காதவருக்கும் இது புரியும்.

இன்னும் பின்னால் போனால், கிளைக்கதையைக் கொண்டாடிய மரபு நம்முடையது. காட்டில் தருமர் மனம் நொந்திருக்கும்போது நளன் கதை அவருக்குச் சொல்லப்படுகிறது. பாரதப் போருக்கு அதனால் ஒரு அம்புகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் சூதில் எல்லாம் இழந்த ஒருவனுக்கு, சூதில் எல்லாம் இழந்த இன்னொருவன் துணையாகிறான். அந்தக் கிளையைத் தனியே எடுத்துத்தான் புகழேந்தி நளவெண்பா பாடினார். மணிமேகலையில் ஆபுத்திரனையும் ஆதிரையையும் காயசண்டிகையையும் தாண்டிவிட்டால் காப்பியத்தில் என்ன மிஞ்சும்?

இனி கோனனுக்கு வருகிறேன். ஃபில்லர் எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் எழுதியது தெரிகிற கதைகளும் நிறைய உண்டு. நல்லதைப் பொறுக்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். தடயங்கள் நம் கண்முன்னாலேயே நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா? குற்றத்தின் காரணம், ஐயோ இப்படி ஆகிவிட்டதே என்று நினைக்கவைக்கிறதா? மையக்கதைக்கு நேரமில்லாத ஏதோ ஒன்றை இது காட்டுகிறதா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால், அந்த அரை மணி நேரம் வீண் இல்லை. முடிவுகளை உடைக்காமல் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆறாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். தொலைக்காட்சிக்கென்று எழுதப்பட்ட முதல் கோனன் கதை அதுதான். காதலர் தினத்தையொட்டிய கொலை. 1996 பிப்ரவரி 12ஆம் தேதி, காதலர் தினத்துக்கு இரண்டே நாள் முன்னால் ஒளிபரப்பானது. அன்று சாக்லேட் வாங்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த ஜப்பானியப் பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பார்ப்பவரின் காலண்டரோடு சேர்ந்து நடப்பது இந்தக் கிளைக்கதைகளின் ஒரு அழகு. நம் வார இதழ்களில் தீபாவளி மலருக்கென்று தனிக்கதை எழுதுவார்களே, அந்த உறவு இதில் இருக்கிறது.

அதே ஆண்டில் வந்த 17ஆவது அத்தியாயத்தில், மூடிய பல்பொருள் அங்காடிக்குள் கோனனும் அவன் வகுப்புத் தோழர்களும் கொள்ளையரிடம் சிக்கிக்கொள்கிறார்கள். இங்கே மர்மத்தைவிடச் சிறுவர்களின் தைரியம்தான் விருந்து. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளோடு பார்க்க இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்லமாட்டேன்.

26ஆவது அத்தியாயத்தின் முன்னால் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஜான் என்று ஒரு நாய். பழக்கி வளர்த்த நாய். அது ஒருநாள் தன்னை வளர்த்தவரையே பாய்ந்து கடித்துக் கொன்றுவிடுகிறது. வெறி பிடித்துவிட்டது, கொன்றுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். எல்லோர் கண்முன்னும் நடந்தது, மறுக்க ஒன்றுமில்லை. கோனன் மட்டும் விடுவதில்லை. பழகிய மிருகம் காரணமில்லாமல் பாயாது. அந்தக் காரணத்தை அதற்குள் வைத்தவர் யார் என்று கேட்கிறான். வாயில்லாத ஜீவன் தனக்காக வாதாட முடியாது. அதன் சார்பில் யோசிக்க ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. கோனன் திரும்ப வளர்கிறானா, கும்பல் அகப்படுகிறதா என்ற பெரிய கேள்விகளுக்கு இந்த அத்தியாயத்தில் பதிலே இல்லை. கோனன் எப்படிப்பட்ட மனிதன் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மூளைக்கு வேலை வேண்டுபவர்கள் 184ஆவதைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு மணி நேரச் சிறப்புக் கதையாக வந்தது. சுவரெல்லாம் முகமூடிகள் தொங்கும் ஒரு மாளிகை, பூட்டிய அறை, உள்ளே கொலை. பனி பெய்யும் இரவில், மின்சாரம் போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு பார்க்க வேண்டிய கதை.

அடுத்து, நீதிமன்ற வரிசை. கோகோரோவின் மனைவி கிசாகி எரி கெட்டிக்கார வழக்கறிஞர். கணவரைப் பிரிந்து தனியே வாழ்பவர். அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, தொலைக்காட்சிக்கென்றே சில கதைகள் எழுதினார்கள். எதிரே நிற்கும் அரசு வழக்கறிஞர் குஜோ ரெய்கோ மாங்காவில் இல்லாத பாத்திரம். துப்பறியும் கதை வழக்கமாக எங்கே முடிகிறது? குற்றவாளி மண்டியிட்டு அழும் இடத்தில். அதற்குப் பிறகு போலீஸ் ஜீப் கிளம்பிவிடும். சாட்சி எப்படிக் கலங்குவான், சந்தேகத்துக்கும் நிரூபணத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஒருவர் எழுந்து பேசுவது ஏன் அவசியம் என்பதையெல்லாம் தொட்டுப் பார்க்க மையக்கதைக்கு நேரமில்லை. இந்த வரிசை அதைத் தொடுகிறது. சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் தவறவிடக்கூடாது.

கிளை, மரத்துக்கே உணவு தந்த கதை ஒன்றும் உண்டு. கோனன் ரசிகர்களுக்குப் பிடித்த காவலர்களில் ஒருவர் தகாகி. ஆரம்பகால அனிமேயில் அவர் பெயரில்லாத ஒரு இளம் போலீஸ்காரர், பின்னால் நின்று குறிப்பெடுப்பவர். அவருக்குக் குரல் கொடுத்த நடிகரின் பெயர் தகாகி வதாரு. அந்தப் பெயரே பாத்திரத்துக்கு நிலைத்தது. பார்த்த அவோயாமா அவரைத் தம் மாங்காவுக்குள் அழைத்துக்கொண்டார். தகாகியும் சாத்தோ என்ற பெண் காவலரும் காதலிக்கும் கதை இன்று மூலக்கதையின் செல்லப் பகுதிகளில் ஒன்று. ஷிராதோரி என்ற அதிகாரியும் 1997இல் வந்த முதல் கோனன் திரைப்படத்துக்காக உருவானவர். அவரும் மாங்காவுக்குள் குடியேறிவிட்டார். எது மையம், எது ஓரம் என்று நாம் இன்று போடும் கோடு, எழுதுகிற கைக்கே நிச்சயமில்லாதது. பின்வரிசையில் நிற்பவரை யாரோ ஒருவர் உற்றுப் பார்த்தால் போதும், அவருக்கும் ஒரு கதை கிடைத்துவிடுகிறது.

மாணவச் செல்வங்களே, இதை நான் நீலகிரியில் நின்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் சினிமாவுக்கு நம் மலை எப்போதும் பின்னணி. கதாநாயகனும் நாயகியும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பாடுவார்கள்; கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி பெண்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் அவர்களும் காணாமல் போவார்கள். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் கேத்தி ரயில் நிலையத்தைத் தமிழ்நாடே பார்த்தது. அந்த நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களைப் பற்றி நம்மிடம் எத்தனை கதைகள் இருக்கின்றன? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் லயன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி? ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களைப் பற்றி? கோத்தர், தோடர், இருளர், குறும்பர் ஊர்களைப் பற்றி? ஊட்டி என்ற பெரிய படத்தில் இவர்கள் அத்தனை பேரும் தாண்டிப் போகிற பகுதிகளாகவே இருந்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஃபில்லர் என்று எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு கடைக்காரர், ஒரு லிஃப்ட் ஊழியர், ஒரு நாய் என்று யாருக்கும் அரை மணி நேரம் முழுதாகக் கவனம் கொடுத்துப் பழகிய கண், தன் பக்கத்து வீட்டையும் அப்படிப் பார்க்கும்.

பார்ப்பதோடு நிற்காதீர்கள், எழுதுங்கள். நம் ஊரில் வழக்குகளுக்கா பஞ்சம்? கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு பெண்ணின் கணக்கு மட்டும் தினமும் குறைகிறது, ஏன்? கடைசி பஸ்ஸில் ஏறியவர் மூடுபனியில் எந்த வளைவில் இறங்கினார்? இன்னொன்று சொல்கிறேன். கரடி இறங்கி வந்து, கதவை உடைத்து, கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அடிக்கடி கேள்விப்படும் சேதி. ஒருநாள் காலையில் ஒரு கடையின் கதவு உடைந்து கிடக்கிறது. எண்ணெய் டின் காலி, கல்லாவில் பணமும் இல்லை. கரடிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கூண்டு வைக்க வனத்துறைக்கு மனுவும் போய்விட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு எஸ்டேட் பிள்ளை மட்டும் கதவின் கீழ்ப்பகுதியை உட்கார்ந்து பார்க்கிறாள். கரடி உடைத்த கதவை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நகக்கீறல் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும்.

டோக்கியோவில் இருப்பவர் யாரும் இந்தக் கதையை எழுத முடியாது. சென்னையில் இருப்பவருக்கும் அந்தக் கீறல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அந்த 26ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். அடுத்த வாரம் இந்தப் பெண் என்ன கண்டுபிடித்தாள் என்று எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள்.